கைப்பிடிச் சுவர் மேல் ஒரு நெட் வயர்

சென்ற வருடம் மாசி மாதக் கடைசியில், ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவே ஹைவேயிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊரில் நடந்தது இது. இப்போது சொன்னால் சிரிப்பாகக்கூட இருக்கும். ஆனால் அந்த வாரம் முழுக்க நான் ஒரு இடத்தில் நிம்மதியாக உட்காரவில்லை.

நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். சென்னையில் இருக்கிற ஒரு கம்பெனிக்காக ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்த்து இன்ஷூரன்ஸுக்கு அனுப்புகிற வேலை. அதற்கு முன்பு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீஸில் இருந்தேன். மகள் பிறந்தாள், மாமனாருக்குக் காது மந்தமாகி நடையும் தளர்ந்தது, அதோடு அந்த வேலையை விட்டேன். இரண்டு வருடம் சும்மா இருந்து, எத்தனையோ இடத்தில் எழுதிப் போட்டு, கடைசியில் கிடைத்தது இந்த வீட்டு வேலை. இது போனால் இன்னொன்று இப்படிக் கிடைக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் கம்பெனியிலிருந்து எல்லோருக்கும் ஒரு தகவல் வந்தது. நோயாளிகளின் விவரம் வெளியே போகக் கூடாது என்பதால், வீட்டிலிருந்து வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் நேரடிச் சோதனை வைக்கப் போகிறார்கள். தனி அறை, சாத்திய கதவு, அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. கேமராவை ஆன் செய்துகொண்டு ஒரு மணி நேரம் அவர்கள் பார்க்கப் பார்க்க வேலை செய்ய வேண்டும். நடுவில் எழுந்து போகக் கூடாது. நெட் விட்டு விட்டு வந்தால், வீட்டு வேலை ரத்து, சென்னை ஆபீஸுக்கு வந்துவிட வேண்டும். எனக்குத் திங்கட்கிழமை காலை எட்டு மணி என்று போட்டிருந்தார்கள்.

படித்ததும் நிமிர்ந்து மாடிப் பக்கம் பார்த்தேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் கதவு சாத்தக்கூடிய தனி அறை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது மாடியில் இருக்கிறது. நெட் இருப்பது கீழே.

எங்கள் வீட்டைக் கொஞ்சம் சொன்னால்தான் புரியும். முன்னால் ஹால், கருங்கல் சுவர், மேலே ஓடு. மாமனாரின் அப்பா கட்டியது. பின்னால் சமையலறையும் அதன் மேல் தளமும் பிற்பாடு சேர்த்தது. அந்தத் தளத்தின் மேல் கடைசியில் ஓர் அறை, அது என் வீட்டுக்காரர் கட்டியது. மாடிப்படி வெளியில் இருக்கிறது. ஃபைபர் லைன் ஹாலுக்குத்தான் வருகிறது. மாமனார் அங்கேயேதான் டீவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஹாலில் நான் வேலை செய்ய முடியாது.

அதுவரைக்கும் நான் மாடியில் ஓட்டிக்கொண்டிருந்தது என் அண்ணன் கொடுத்த மெஷ் செட்டை வைத்து. அவன் பெங்களூரில் வீடு மாற்றியபோது புதுசு வாங்கிக்கொண்டு பழசை எனக்குத் தள்ளிவிட்டான். மெஷ் என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரே வைஃபையை வீடு முழுக்கப் பரப்ப இரண்டு பெட்டி. ஒன்று ஹாலில் லைனோடு சேர்ந்திருக்கும். இன்னொன்று மாடியில் இருக்கும். கீழே இருப்பது கொடுக்கிறதை மேலே இருப்பது காற்றிலேயே வாங்கி நமக்குக் கொடுக்கும். அது வாங்கினால்தானே கொடுக்கும்! நடுவில் கருங்கல் சுவர், தளம், படிக்கட்டு. பில் வேலைக்கு எப்படியோ போதுமாக இருந்தது. வீடியோவை ஆன் செய்தால் என் முகமே எனக்குத் துண்டு துண்டாகத் தெரியும்.

அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு ஒரு வியாதி. போனில் வேகம் பார்க்கிற அந்த ஆப்பை நொடிக்கொரு தரம் அமுக்குவேன். முள் ஏறும், இறங்கும். ஏறினால் ஒரு நிமிடம் சந்தோஷம், உடனே மறுபடி அமுக்கினால் பாதிகூட இருக்காது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்கு ஓடுவேன், அங்கே பார்த்துவிட்டு ஹாலுக்கு ஓடி வருவேன். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. மாமனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னாமா, ஏதாச்சும் காணாம போய்ட்டுச்சா?" என்று கேட்டார். அவரிடம் கத்திச் சொல்லிப் புரியவைக்கிற பொறுமை எனக்கு இல்லை.

என் வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் ஒரே வரியில் முடித்தார், "ப்ளானை மாத்திடு. ஜாஸ்தி ஸ்பீடு போட்டா மேலயும் ஜாஸ்தியா வரும்."

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஹால் பெட்டிக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து பார்த்தேன். நெட் பறந்தது. வீடியோ ஒரு தடவைகூட நிற்கவில்லை. மாடிப் பெட்டியையும் கீழே கொண்டுவந்து ஹால் வாசலில் வைத்தேன். அங்கேயும் நன்றாகத்தான் இருந்தது. அதைச் சமையலறைக்கு நகர்த்தினேன், பாதியாகக் குறைந்தது. படிக்கட்டு, இன்னும் குறைந்தது. மாடி அறை, மூச்சு முட்டியது. வருகிற லைனில் குறை ஒன்றும் இல்லை, இரண்டு பெட்டிக்கும் நடுவில்தான் எல்லாம் போய்விடுகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எவ்வளவு பெரிய ப்ளான் போட்டாலும் அந்தச் சுவரைத் தாண்டி வந்தால்தானே.

ஹால் பெட்டி இரும்பு பீரோ மேல் இருந்தது. அதை எடுத்து ஜன்னல் மேல் மரச்சட்டத்தில் வைத்தேன். கொஞ்சம் தேறியது. போதவில்லை.

சனிக்கிழமை காலையில் மகளை ஆம்பூரில் என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, பஸ் பிடித்து வேலூருக்குப் போனேன். கடைக்காரப் பையன் நல்லவன்தான், ஆனால் நான் சொல்லி முடிக்கும் முன்பே மூன்று பெட்டி இருக்கிற ஒரு புதுச் செட்டை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டான். வழவழவென்று வெள்ளையாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அப்படியே வாங்கினாலும் கருங்கல் கருங்கல்தானே என்று ஒரு பயம். "பெட்டி ரெண்டையும் வயர் போட்டு சேர்த்துட்டா?" என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். "சேர்த்துட்டா இதுவே போதும்க்கா. வயர் போடறதுக்கு வழி இருக்குதா உங்க வீட்ல?" என்றான்.

வழி இருக்கிறதா என்று யோசிக்காமலே தலையாட்டிவிட்டேன். வெயிலுக்கும் மழைக்கும் தாங்குகிற கறுப்பு வயர் ஒரு சுருள், இரண்டு முனையிலும் அவனையே பிளக் போட்டுக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன். நான் செய்த செலவு அவ்வளவுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு, மனசுக்குள்ளேயே வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எந்தப் பக்கம் இழுப்பது?

ஹாலுக்குள்ளேயே துளை போடலாம் என்றால், அந்தக் கருங்கல் சுவரைத் துளைக்கப் பெரிய மெஷின் வேண்டும். அந்த மெஷின்காரர் ஏதோ கல்யாண மண்டப வேலையில் இருக்கிறேன், அடுத்த வாரம் வருகிறேன் என்று போனிலேயே சொல்லிவிட்டார். ஓட்டின் மேல் கால் வைக்க முடியாது, உடைந்துவிடும். தெருப் பக்கம் கம்பத்திலிருந்து கரண்ட் வயர் தாழ்வாகப் போகிறது. வீட்டுக்காரர், "அந்தப் பக்கம் கையே வைக்காத" என்று சொல்லிவிட்டார். வாசல் வழியாகத் தரையில் விட்டுப் படியேற்றலாம் என்றால், மாமனார் கால் தடுக்கி விழுந்துவிடுவார். பாக்கி இருந்தது ஒரே வழி. ஹாலின் பக்கவாட்டு ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கு ஏற்றி, அந்த மாடியின் கைப்பிடிச் சுவர் மேலேயே நேராகக் கொண்டுவந்தால், எங்கள் மாடி அறையின் ஜன்னல் கைக்கு எட்டுகிற தூரம்.

அந்தக் கைப்பிடிச் சுவர் பக்கத்து வீட்டு அக்காவுடையது. அந்த அக்காவோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

சண்டை பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் தளத்துத் தண்ணீர் போகிற குழாய் அவர்கள் பக்கம் விழுந்தது. ஒரு மழை நாளில் அவர் துவைத்துப் போட்ட துணியெல்லாம் நாசமாகிவிட்டது என்று சத்தம் போட்டார். நாங்களும் ஏதோ சொன்னோம். அவரும் ஏதோ சொன்னார். அதற்கப்புறம் எதிரில் பார்த்தால் அவர் முந்தானையைச் சரிசெய்வார், நான் போனைப் பார்ப்பேன். அப்படியே இரண்டு வருடம் ஓடிப் போயிருந்தது.

அவருக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது அதிகம் இருக்கும். வேறொரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. அவருடைய வீட்டுக்காரர் லாரியில் போனால் வாரக்கணக்கில் வர மாட்டார். ஒரே மகளைப் பேரணாம்பட்டில் கட்டிக் கொடுத்துவிட்டார். காலையில் கம்பெனி பஸ் வந்து ரோட்டு முனையில் ஹாரன் அடிக்கும், கூடையை மாட்டிக்கொண்டு ஓடுவார். சாயங்காலம் அதே பஸ்ஸில் வந்து இறங்குவார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் இறங்கி வருகிற நேரம் பார்த்து அவர் வீட்டு கேட்டுக்கு முன்னால் போய் நின்றேன். நிற்பதற்கு முன்பு மூன்று தடவை போய் மூன்று தடவை திரும்பி வந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் நடை நின்றது.

"இன்னா?"

"அக்கா, உங்க மாடி சுவர் மேல ஒரு வயர் போட்டுக்கட்டுமா?"

"இன்னா வயரு? கரண்ட்டா?"

"இல்லக்கா, நெட்டு வயரு. ஷாக்லாம் அடிக்காது. திங்கக்கிழமை காலைல எனக்கு டெஸ்ட்டு வெச்சிருக்காங்க. நெட்டு சரியா வர்லன்னா மெட்ராஸுக்கு வந்துடுன்றாங்க. நான் எங்கக்கா போறது? வேலையே போய்டும்."

ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அவர் கூடையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டைத் திறந்து உள்ளே போய், கதவுப் பூட்டைத் திறந்துகொண்டே சொன்னார், "போட்டுக்க. செவுத்துல ஆணி கீணி அடிக்கக் கூடாது. இப்பதான் பூசியிருக்கேன்."

கதவு மூடிக்கொண்டது. இதைவிடத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் போல எனக்கு இருந்தது. ஆனாலும் வழி கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் நானும் என் வீட்டுக்காரரும் வயர் இழுத்தோம். ஆணி அடிக்க முடியாது என்பதால் சுவர் மேல் சும்மா கிடத்தி, அங்கங்கே செங்கல் துண்டு வைத்து அமர்த்தினோம். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர், "கொரங்கு வந்தா இன்னா பண்ணுவ?" என்றார். மலையில் தண்ணீர் வற்றினால் குரங்குகள் எங்கள் ஊருக்குள் இறங்கிவிடும். தென்னங்குரும்பையைப் பிய்த்துப் போடும், காயப் போட்ட வடகத்தை வாரிக்கொண்டு போகும். அந்த வருடம் இன்னும் கண்ணில் படவில்லை. "ஒரு மணி நேரம் தாங்கினா போதும்" என்றேன்.

இரண்டு முனையையும் இரண்டு பெட்டியில் செருகினேன். மாடிப் பெட்டியில் விளக்கு நிறம் மாறியது. ஆப்பை அமுக்கினேன். முள் சர்ரென்று போய் நின்ற இடத்தைப் பார்த்து, மறுபடி அமுக்கினேன், மறுபடியும். குறையவே இல்லை. அண்ணனை வீடியோவில் கூப்பிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் தாடியில் நரை விழுந்திருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்கப்புறமாவது நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கரண்ட் போனால்? மாமனார் டீவிக்கு ப்ளக் மாற்றுகிறேன் என்று பெட்டியைப் பிடுங்கிவிட்டால்? அன்று ராத்திரி நான் தூங்கினேனா என்று எனக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை வீட்டுக்காரர் சீக்கிரமே அவர் பஸ்ஸில் போய்விட்டார். மகளை அம்மா வீட்டிலேயே விட்டுவைத்திருந்தேன். மாமனாருக்கு டிபன் கொடுத்து, ஹால் பெட்டிக்குப் பக்கத்தில் யாரும் போகக் கூடாது என்று சைகை காட்டிவிட்டு, மாடி அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். ஜன்னலையும் வயர் வருகிற இடுக்கு மட்டும் விட்டுச் சாத்தினேன். எட்டு மணிக்குச் சென்னையிலிருந்து ஒரு பெண் திரையில் வந்தார். என்னைவிடச் சின்னவளாகத்தான் இருக்க வேண்டும். சிரிக்கவில்லை. அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார், கதவைக் காட்டச் சொன்னார். "இனிமே முடியற வரைக்கும் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது மேடம்" என்றார். பில்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகவே போனது. அப்புறம் மேலே தொம்மென்று ஒரு சத்தம். அறையின் கூரை மேல் ஏதோ குதித்தது. அடுத்து இன்னொன்று. எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் வராதது, அன்றைக்குத்தான் வர வேண்டுமா?

கை பில்லில் இருக்கிறது, காது முழுக்க வெளியில் இருக்கிறது. நகத்தால் பிறாண்டுகிற சத்தம். செங்கல் துண்டு ஒன்று உருண்டு விழுகிற சத்தம். ஜன்னல் இடுக்கில் வந்த வயர், பாம்பு அசைகிற மாதிரி ஒரு தடவை பின்னால் இழுபட்டது. திரையில் அந்தப் பெண்ணின் முகம் அப்படியே நின்றது. வாய் பாதி திறந்து, கண் பாதி மூடி. எழுந்து ஓடலாமா? எழுந்தால் சோதனை முடிந்துவிடும். எழுந்திருக்காவிட்டால் வயர் போய்விடும். இரண்டில் எதைச் செய்தாலும் வேலை போய்விடும் போல இருந்தது. நாற்காலியின் நுனியில், பாதி எழுந்தும் எழாமலும் இருந்தேன்.

அப்போது வெளியில் ஒரு குரல். "ஏய்! ச்சீ! போ அந்தாண்ட!" தடதடவென்று கழியால் தரையைத் தட்டுகிற சத்தம். திரையில் அந்தப் பெண்ணின் வாய் அசைந்தது. "மேடம், கேக்குதா? கொஞ்சம் ஸ்டக் ஆச்சு."

"கேக்குது மேடம்" என்றேன்.

மறுபடி பில்கள். ரோட்டு முனையில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நீளமாக ஒரு தடவை, கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. சரி, அந்த அக்கா துணி காயப் போட வந்தவர் குரங்கை விரட்டிவிட்டு ஓடியிருப்பார், இனிமேல் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். ஆனால் அதற்கப்புறமும் நடுநடுவே வெளியில் கழி தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வேறு யாரோ வந்திருக்கிறார்கள் போல என்று விட்டுவிட்டேன். யோசிக்க எனக்கு எங்கே நேரம்? வயர் அதற்கப்புறம் அசையவே இல்லை. கடைசி பில் முடிந்து, "ஓகே மேடம், ரிசல்ட் ஈவினிங் சொல்லுவாங்க" என்று அந்தப் பெண் மறைந்ததும், நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

பக்கத்து வீட்டு மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவரை ஒட்டி அந்த அக்கா நின்றுகொண்டிருந்தார். கம்பெனி கோட்டு போட்டிருந்தார், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. சாப்பாட்டுக் கூடை காலடியில் இருந்தது. ஒரு கையில் கொடிக்கு முட்டுக் கொடுக்கிற மூங்கில் கழி. இன்னொரு கை என் வயரைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது. அந்தக் கோடியில் தண்ணீர்த் தொட்டி மேல் மூன்று குரங்குகள் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுதுக்கா."

"இன்னா இம்மாம் நேரம் எடுக்குறாங்க? கை மரத்துப் போச்சு."

"அக்கா, பஸ்ஸு?" என்று மட்டும் கேட்டேன்.

"அது அப்பவே போய்ட்டுச்சு."

கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு, விரல்களை மடக்கி மடக்கி நீட்டினார். பிறகு என்னைப் பார்க்காமல், வயரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "நான்தான ஆணி அடிக்க வேணாம்னேன். அடிச்சிருந்தா அது இழுத்திருக்குமா? நீ உள்ள கதவ சாத்திக்கினு பேசினு இருக்கிற. வேலை போய்டும்னு வேற சொன்ன. உட்டுட்டுப் போவ மனசு வர்ல."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "இப்ப இன்னாத்துக்கு அழுவுற? பேஜார் பண்ணாத. வயர பாரு, கடிச்சு வெச்சிருக்கு" என்றார். குனிந்து பார்த்தேன். ஓர் இடத்தில் கறுப்புத் தோல் கிழிந்து, உள்ளே இருக்கிற சின்னச் சின்ன நிறக் கம்பிகள் வெளியே தெரிந்தன. இன்னும் ஒரு கடி கடித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அந்த இடத்தைத்தான் அவர் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

மாமனாரிடம் கத்திச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை எடுத்து அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன். முதலில் வேண்டாம் என்றார், அப்புறம் ஏறிக்கொண்டார். சர்வீஸ் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே எத்தனை வேகமாகப் போக முடியுமோ அத்தனை வேகமாகப் போனேன். அவர் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மெதுவா போ, எப்படியும் லேட்டுதான்" என்றார்.

கம்பெனி கேட் மூடியிருந்தது. வாட்ச்மேன் உள்ளிருந்தே கையை விரித்தார். இனிமேல் மத்தியானத்துக்கு மேல்தான், அரை நாள்தான் என்று சொன்னார். நான் இறங்கிப் போய் நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "வூட்ல ஒரு வேலை, லேட்டாய்ட்டுச்சு" என்று அவரிடம் சொல்லிவிட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த வேப்ப மர நிழலில், தாமதமாக வந்த இன்னும் இரண்டு பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெண்கள் என்ன வேலை என்று கேட்டிருப்பார்கள் போல. தூரத்திலிருந்து பார்த்தேன், அக்கா எதையோ சொல்ல மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து, போ போ என்று கையை ஆட்டினார்.

சாயங்காலம் தகவல் வந்தது. நான் தேறிவிட்டேன். வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லாமல், மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவர் அருகே நின்று அக்காவைக் கூப்பிட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தார். சொன்னேன். "அப்பாடா" என்றார். அவ்வளவுதான். அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. "அக்கா, உங்களுக்கு நெட்டு வேணும்னா பாஸ்வேர்ட் தர்றேன், உங்க வீட்டுக்கும் நல்லா வரும்" என்றேன்.

"எனக்கு இன்னாத்துக்கு அது? பொண்ணுகிட்ட பேசறதுக்கு போன்ல கீறதே போதும்" என்று சொல்லிவிட்டு, கீழே இறங்கப் போனவர் படியில் நின்று, "பைப்புக்குள்ள உட்டு ஆணி அடிச்சுடு. கொரங்கு நாளைக்கும் வரும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது வயர் வாங்கிக் குழாய்க்குள் விட்டு, அந்தச் சுவரில் ஆணி அடித்துப் பிடிமானம் போட்டோம். எங்கே அடிக்க வேண்டும் என்று அவரே நின்று காட்டினார். அன்றைக்கே எங்கள் தண்ணீர்க் குழாயையும் தெருப் பக்கம் திருப்பினோம். அந்தப் பழைய பெட்டிகள் இரண்டும்தான் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வேகம் பார்க்கிற ஆப்பை நான் எப்போது நிறுத்தினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

நானும் அவரும் அப்படியொன்றும் உயிருக்குயிரான சிநேகிதிகள் ஆகிவிடவில்லை. அவருக்கு அவர் பஸ், எனக்கு என் பில். பார்த்தால் பேசுவோம். என் மகள் அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறாள்.

இப்போதும் ஏதாவது ஒன்றுக்கு மனசு பதறி, இருப்புக்கொள்ளாமல் நான் வீட்டுக்குள் மேலும் கீழும் நடக்கிற நாட்கள் இருக்கத்தான் செய்கின்றன. அப்போதெல்லாம், சாத்திய கதவுக்கு உள்ளே எல்லாம் என் கையை விட்டுப் போய்விட்டது என்று நான் தவித்துக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும், என்னோடு இரண்டு வருடம் பேசாத ஒருத்தர் தன் பஸ்ஸை விட்டுவிட்டு வெளியே நின்றுகொண்டிருந்தார் என்பதை நினைத்துக்கொள்கிறேன், மனசு கொஞ்சம் அடங்குகிறது.